குவாண்டம் இயங்கியலின் அடித்தளம்: எங்கள் மொட்டை மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடிக் குவாண்டம் இயங்கியல் படிக்கிறோம். இளநிலை இயற்பியல் மாணவர்கள் மூவர், ஒரு வங்கி ஊழியர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேதியியலராக இருக்கும் ஓர் அம்மா என்று கலவையான கூட்டம். நான் ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

கணக்குப் போட்டால் விடை சரியாக வருகிறதே. அடித்தளம், விளக்கம் என்றெல்லாம் தனியாக எதற்கு?

விடை வருவது உண்மை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ள நாட்டின் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜன் கருக்கள், அதாவது புரோட்டான்கள், விநாடிக்குச் சுமார் 6.4 கோடி சுற்று என்ற அதிர்வெண்ணுக்கு இசைகின்றன. குவாண்டம் இயங்கியல் சொல்லும் எண்ணும் கருவி காட்டும் எண்ணும் பொருந்துகின்றன. இதில் யாருக்கும் சண்டை இல்லை.

அதே புரோட்டானைப் பற்றி இன்னொன்று கேளுங்கள்: அளப்பதற்கு முன் அதன் தற்சுழற்சி எந்தப் பக்கம் இருந்தது? இங்கேதான் புத்தகங்கள் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. கோட்பாட்டில் இரண்டு விதிகள் இருக்கின்றன. ஒன்று, ஷ்ரோடிங்கர் 1926இல் தந்த சமன்பாடு. அதன்படி அலைச்சார்பு, அதாவது துகளின் நிலையைக் குறிக்கும் கணிதச் சார்பு, துள்ளல் இல்லாமல் சீராக மாறிக்கொண்டே போகும். பல வாய்ப்புகள் மேற்பொருந்தி இருந்தால் அப்படியே மேற்பொருந்தியே இருக்கும். இரண்டாவது, அளவீட்டின்போது அவற்றில் ஒன்றே ஒன்று விடையாக வரும், அதற்கான நிகழ்தகவை மாக்ஸ் பார்ன் தந்த விதியால் கணக்கிடலாம் என்பது. முதல் விதி எப்போது ஓய்ந்து இரண்டாவது எப்போது தொடங்குகிறது? அளக்கும் கருவியும் அணுக்களால் ஆனதுதானே, அதற்கு மட்டும் ஏன் தனிச் சலுகை? இதைத்தான் அளவீட்டுச் சிக்கல் என்கிறார்கள். இது தத்துவம் பேசுகிறவர்கள் கிளப்பிவிட்ட வம்பு அல்ல, கோட்பாட்டின் உள்ளேயே இருக்கும் விரிசல்.

நான் கல்லூரியில் படித்தபோது இதை எழுந்து கேட்டேன். “தேர்வுக்கு வராது, உட்கார்” என்றார் பேராசிரியர். பல வருடம் அந்தக் கோபம் போகவில்லை. பிறகு நானே என் மாணவன் ஒருவனிடம் அதே சொற்களைச் சொன்னேன். இந்த மாடிக் கூட்டம் அதற்கான பரிகாரம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்குவது? ஷ்ரோடிங்கரின் பூனையிலிருந்தா?

பூனை வேண்டாம். 1935இல் அவர் ஒரேசமயத்தில் உயிரோடும் செத்தும் இருக்கும் பூனையொன்றைக் கற்பனையாகப் பெட்டிக்குள் வைத்தது மேற்பொருந்துதலைப் பெரிய பொருள்களுக்கும் நீட்டினால் எவ்வளவு அபத்தமாகிறது என்று காட்டத்தான். அந்த எரிச்சல் புரிய வேண்டுமானால் முதலில் மேற்பொருந்துதல் புரிய வேண்டும்.

ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு படலத்திலிருந்து தொடங்குங்கள். கடையில் தேடி அலைய வேண்டாம். பழுதான கால்குலேட்டர் திரையின் முன்னும் பின்னும் ஒவ்வொரு படலம் ஒட்டியிருக்கும். கைபேசி பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் கேட்டால் உடைந்த திரைகளிலிருந்து உரித்துத் தந்துவிடுவார். இரண்டு படலங்களைக் குறுக்காக, 90 பாகையில் வையுங்கள்: இருட்டு. இப்போது மூன்றாவது படலத்தை 45 பாகை சாய்த்து இரண்டுக்கும் நடுவில் செருகுங்கள். இருட்டு விலகி வெளிச்சம் வருகிறது! தடுப்புச் சுவர் ஒன்று கூடியிருக்கிறது, ஆனால் ஒளியும் கூடியிருக்கிறது. படலங்கள் குறையில்லாதவை என்று கொண்டால், முதல் படலத்தில் பாதி, நடுவில் அதில் பாதி, கடைசியில் அதிலும் பாதி என்று எட்டில் ஒரு பங்கு ஒளி தப்பிவருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் படித்த மாலஸ் விதிதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஒளியை அலையாகக் கொண்டால் இதில் மர்மமே இல்லை. ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்பும்போதுதான் சிக்கல். ஒரு துகள் பாதியாகப் பிளந்து போவதில்லை. போகிறது அல்லது போகவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் எண்ணிக் கூட்டினால் அதே எட்டில் ஒன்று வருகிறது. இந்த ஒரே சோதனையில் நிலை, அளவீடு, நிகழ்தகவு, அளவீடு நிலையை மாற்றுவது ஆகிய நான்கும் இருக்கின்றன. முதல் இரண்டு மாதம் நாங்கள் இதைவிட்டு நகர்வதில்லை.

லேசர் விளக்கை இரட்டைப் பிளவில் அடித்துக் காட்டினால் போதாதா?

அழகாக இருக்கும். ஆனால் அது குவாண்டம் அல்ல, தாமஸ் யங் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டிய அலைக் குறுக்கீடு. எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக வந்து புள்ளி புள்ளியாக விழுந்து, கடைசியில் அந்தப் புள்ளிகளே பட்டைகளாகத் திரள்வதை 1989இல் தோனோமுராவும் அவருடைய ஜப்பானியக் குழுவினரும் படம்பிடித்தார்கள். அதைப் பாருங்கள்.

எவ்வளவு கணிதம் தெரிய வேண்டும்?

நீங்கள் அஞ்சுவதைவிடக் குறைவு. பன்னிரண்டாம் வகுப்பில் அணிகள், கலப்பெண்கள், நிகழ்தகவுப் பரவல் என்று மூன்று பாடங்கள் படித்திருப்பீர்கள். அவை எதற்கு என்று அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதற்குத்தான். இரண்டே நிலைகள் கொண்ட அமைப்புக்கு, அதாவது தளவிளைவுற்ற (போலராய்டு தாண்டி வந்த) ஒளித்துகளுக்கோ எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கோ, இரண்டுக்கு இரண்டு அணிகளே போதும். ஐகன் மதிப்பு காணத் தெரிந்தால் பெல் தேற்றம் வரை போய்விடலாம்.

வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஹைட்ரஜன் அணுவின் சமன்பாட்டைத் தீர்ப்பதிலேயே ஒரு பருவம் முழுக்கக் கழிந்து, “இந்த அலைச்சார்பு எதைக் குறிக்கிறது?” என்ற கேள்வி வருவதற்குள் தேர்வு வந்துவிடுவது நம் கல்லூரிகளில் வழக்கம். கணக்குப் போடும் பழக்கம் அவசியம்தான். வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

நான் தமிழ்வழியில் படித்தவள். பின்தொடர முடியுமா?

முடியும். கலைச்சொற்களைப் பார்த்து மிரள வேண்டாம், அவை ஆங்கிலத்திலும் குழப்பமானவையே. “மேற்பொருந்துதல்” என்று படித்தவள் “சூப்பர்பொசிஷன்” என்பதை ஒரே நாளில் பழகிக்கொள்வாள். இரண்டு துகள்களின் நிலைகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைச் சொல்லும் “பின்னல்” என்ற சொல்லோ “என்டாங்கிள்மென்ட்” என்ற ஆங்கிலச் சொல்லைவிட எனக்குப் பிடிக்கும். அதில் சிக்கலும் உண்டு, ஒழுங்கும் உண்டு. “நிச்சயமின்மை” என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். ஏதோ நமக்குத்தான் தெரியவில்லை, துகளுக்குத் தெரியும் என்ற நினைப்பை அந்தச் சொல் நைசாக நுழைத்துவிடும். அப்படித்தானா இல்லையா என்பதே இந்தத் துறையின் நூறாண்டு வழக்கு.

எதைப் படிப்பது, எதைக் கேட்பது?

ஃபெயின்மன் விரிவுரைகளின் மூன்றாம் தொகுதியைக் கால்டெக் நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அது சீக்கிரமே தற்சுழற்சிக்கு வந்துவிடும் என்பதால் நமக்குத் தோது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் குவாண்டம் இயற்பியல் விரிவுரைகள் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத்திட்டம் வழியாகக் கிடைக்கின்றன. கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியுமாகப் பாடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது விருந்து. பத்து நிமிட யூடியூப் காணொளிகளை விலக்கச் சொல்லவில்லை, ஊறுகாயாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. “வாயை மூடிக் கணக்கைப் போடு” என்று ஃபெயின்மன் சொன்னதாக உங்களிடம் யாராவது சொல்வார்கள். அதை 1989இல் எழுதியவர் டேவிட் மெர்மின். அந்த மனப்போக்கைப் பாராட்ட அவர் அதை எழுதவில்லை.

பெல் தேற்றம், பெல் தேற்றம் என்கிறீர்களே, அது என்ன?

முப்பது வருடம் பொதுத்தேர்வு அறைகளில் கண்காணிப்பாளராக நின்றவன் நான். பெல் தேற்றம் எனக்குக் காப்பியடித்தலைக் கண்டுபிடிக்கும் கணக்காகத்தான் புரிந்தது, அப்படியே சொல்கிறேன்.

இரண்டு மாணவர்கள். ஒருவர் ஆம்பூரில் தேர்வு எழுதுகிறார், மற்றவர் அரக்கோணத்தில். ஒவ்வொரு சுற்றிலும் அ, ஆ, இ என்ற மூன்று கேள்விகளில் ஒன்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குலுக்கல் முறையில் தரப்படும். பதில் “ஆம்” அல்லது “இல்லை” மட்டும். ஆயிரக்கணக்கான சுற்றுகள் முடிந்தபின் விடைத்தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கிறோம். இருவருக்கும் ஒரே கேள்வி விழுந்த சுற்றுகளில் எல்லாம் பதில்கள் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக இருக்கின்றன. ஒருமுறைகூடப் பிசகவில்லை.

கண்காணிப்பாளருக்கு என்ன தோன்றும்? உண்மையிலேயே சொல்லிவைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் என்று தோன்றும். 1935இல் ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் வாதிட்டது கிட்டத்தட்ட இதுவே: தொலைவில் உள்ள இரண்டு துகள்கள் இப்படி ஒத்துப்போகின்றன என்றால் விடைகள் முன்பே அவற்றிடம் இருந்திருக்க வேண்டும், அவற்றைச் சொல்லாத குவாண்டம் இயங்கியல் முழுமையற்றது. நியாயமான சந்தேகம். நானாக இருந்தாலும் அப்படித்தான் அறிக்கை எழுதியிருப்பேன்.

1964இல் ஜான் பெல் செய்தது வேறு. ஒரே கேள்வி விழுந்த சுற்றுகளை விட்டுவிட்டு, வெவ்வேறு கேள்விகள் விழுந்த சுற்றுகளை அவர் எடுத்துப் பார்த்தார். எந்தக் கேள்வி விழும் என்று மாணவர்களுக்குத் தெரியாது, எனவே சொல்லிவைத்தவர்கள் மூன்றுக்குமே விடை தயாராக வைத்திருக்க வேண்டும். கேள்விகள் மூன்று, பதில் இரண்டே வகை. அப்படியானால் ஏதாவது இரண்டு கேள்விகளுக்கு ஒரே பதில் இருந்தே தீரும். அ-ஆ, ஆ-இ, அ-இ என்ற மூன்று சோடிகளில் ஒன்றாவது பொருந்தும். ஆகவே வெவ்வேறு கேள்விகள் விழுந்த சுற்றுகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பதில்கள் ஒத்துப்போக வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவைத்தாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது.

மாணவர்களுக்குப் பதிலாகப் பின்னிய இரண்டு ஒளித்துகள்களை வையுங்கள். மூன்று கேள்விகளுக்குப் பதிலாக 0, 60, 120 பாகைகளில் திருப்பிய போலராய்டுகள். துகள் தாண்டிப் போனால் “ஆம்”, போகாவிட்டால் “இல்லை”. ஒரே கோணம் என்றால் எப்போதும் ஒரே பதில். வெவ்வேறு கோணம் என்றால் பொருத்தம் 60 பாகையின் கொசைன் மதிப்பின் இருபடி, அதாவது நான்கில் ஒரு பங்கு. மூன்றில் ஒன்றைவிடக் குறைவு! சொல்லிவைத்தவர்களால் எட்டவே முடியாத எண்.

இந்த மூன்று கேள்வி வடிவம் பெல் எழுதியது அல்ல, பின்னால் வந்தவர்கள் எளிமையாக்கியது. ஆய்வகங்களில் பெரும்பாலும் 1969இல் கிளாசர், ஹோர்ன், ஷிமோனி, ஹோல்ட் நால்வர் தந்த வடிவமே பயன்படுகிறது. அதில் பதில்களின் பொருத்தத்தைக் கூட்டிக் கழித்து ஒரு மதிப்பெண் போடுவார்கள். சொல்லிவைத்தவர்களின் மதிப்பெண் 2ஐத் தாண்டாது, குவாண்டம் இயங்கியல் 2.83 வரை போகும். இந்த வழியில் செய்த சோதனைகளுக்காகத்தான் ஆலன் ஆஸ்பெ, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது.

சோதனையில் ஏமாற்று இருக்க வாய்ப்பில்லையா?

கண்காணிப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி. தேர்வறையில் சொல்லிவைப்பதைத் தவிர வேறு மூன்று தில்லுமுல்லுகள் உண்டு. மூன்றுக்கும் இங்கே இணை இருக்கிறது.

முதலாவது, தேர்வின் நடுவே ரகசியமாகப் பேசிக்கொள்வது. துகள்கள் பறந்துகொண்டிருக்கும்போதே கேள்வியை மாற்றும் சோதனையை ஆஸ்பெ 1982இல் செய்தார். இரண்டாவது, சில சுற்றுகளில் விடைத்தாளே தராமல் இருப்பது. தந்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு கோணலாகலாம். கருவிகள் பல துகள்களைத் தவறவிட்டதால் இந்த ஐயம் வெகுகாலம் நீடித்தது. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வைரப் படிகங்களிலுள்ள எலக்ட்ரான்களை வைத்து இந்த இரண்டு ஓட்டைகளையும் ஒரேசமயத்தில் அடைத்தார்கள். 245 சுற்றுகள், மதிப்பெண் 2.42. அதே ஆண்டில் வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் ஒளித்துகள்களைக் கொண்டு செய்தார்கள்.

மூன்றாவது, வினாத்தாள் கசிவு. எந்தக் கேள்வி விழும் என்பதே முன்கூட்டித் துகள்களுக்குத் தெரிந்திருந்தால்? இதை முழுவதுமாக அடைக்க முடியாது, கசிவு நடந்திருக்கக்கூடிய காலத்தைப் பின்னுக்குத் தள்ளலாம். 2018இல் சைலிங்கரின் குழுவினர் கேள்வியைத் தேர்ந்தெடுக்க குவாசர்கள் என்ற மிகத் தொலைவிலுள்ள இரண்டு பேரொளி மூலங்களின் ஒளியைப் பயன்படுத்தினார்கள். கசிவு என்று ஒன்று நடந்திருந்தால் அது 780 கோடி ஆண்டுகளுக்கு முன்பாவது நடந்திருக்க வேண்டும் என்ற நிலை. அதற்கு அவர்களுக்கு வேண்டியிருந்தவை பெரிய தொலைநோக்கிகள். நம் பக்கத்தில் சவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறதே, அங்கே போய் வந்த பையன் ஒருவன் மாடியில் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அப்படியானால் பின்னலைக் கொண்டு ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாமா?

முடியாது. ஆம்பூர் விடைத்தாளை மட்டும் பார்த்தால் ஆமும் இல்லையும் சரிபாதியாகக் கலந்து கிடக்கும், அரக்கோணத்தில் எந்தக் கேள்வி விழுந்தாலும் அது மாறாது. இரண்டு தாள்களையும் ஒன்றுசேர்த்த பிறகே பொருத்தம் தெரியும். சேர்க்க ரயிலோ தொலைபேசியோ வேண்டும்.

பின்னல் என்பது எங்கோ ஆய்வகத்தில் மட்டும் நடப்பது என்றும் எண்ண வேண்டாம். பெட் ஸ்கேன் எடுக்கும்போது உடம்பினுள் பாசிட்ரானும் எலக்ட்ரானும் மோதி அழிந்து, எதிரெதிர்த் திசைகளில் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாத் துகள்கள் கிளம்புகின்றன. கோட்பாட்டின்படி அவற்றின் தளவிளைவுகள் பின்னியவை. பெல்லுக்கும் முன்பாக 1950இலேயே சியன்-ஷியுங் வூவும் ஷாக்னோவும் அந்தத் தொடர்பை அளந்துவிட்டார்கள்.

அளவீட்டுச் சிக்கலுக்கு எத்தனை விளக்கங்கள் இருக்கின்றன? எல்லாம் படிக்க வேண்டுமா?

நான்கைந்து போதும். ஒவ்வொன்றையும் “நீ என்ன விலை கேட்கிறாய்?” என்று கேட்டுப் படியுங்கள். இலவசமாக எதுவும் இல்லை.

கோபன்ஹேகன் விளக்கம் என்று புத்தகங்கள் சொல்வது ஒரே கொள்கை அல்ல. நீல்ஸ் போர் சொன்னதும் ஹைசன்பர்க் சொன்னதும் பல இடங்களில் வேறு. பொதுவாக, கேட்காத கேள்விக்கு விடை இருந்ததா என்று கேட்காதே என்கிறது. விலை: கருவி எது, துகள் எது என்ற கோட்டை எங்கே போடுவது என்று சொல்லாது.

டேவிட் போம் 1952இல் தந்தது, டி பிராய் 1927இலேயே தொட்டுவிட்டுக் கைவிட்ட யோசனை. துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, அலை அதை வழிநடத்துகிறது. கேட்க நிம்மதியாக இருக்கும். விலை: ஆம்பூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே உடனடித் தொடர்பு வெளிப்படையாகவே இருக்கிறது, ஆனால் அதை நாம் பயன்படுத்த முடியாது. பெல் இந்தக் கோட்பாட்டை மதித்தார் என்பது பலருக்குத் தெரியாது. மறைமாறிகளை, அதாவது துகளிடம் முன்பே ஒளிந்திருக்கும் விடைகளை, பெல் ஒழித்துவிட்டார் என்று எழுதுகிறவர்கள் அவரைப் படிக்காதவர்கள்.

ஹியூ எவரெட் 1957இல், அளந்தால் ஒரே விடை வரும் என்ற இரண்டாவது விதியையே தூக்கிவிட்டார். எல்லா விடைகளும் வருகின்றன, அளக்கும் நாமும் சேர்ந்து கிளைக்கிறோம், ஒவ்வொரு கிளையும் ஓர் உலகம். கணிதத்தில் இதைவிடச் சிக்கனம் இல்லை. விலை உலகங்களின் எண்ணிக்கை என்று சிரிப்பார்கள். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. எல்லாமே நடக்கிறது என்றால் “நான்கில் ஒரு பங்கு” என்ற நிகழ்தகவுக்கு என்ன பொருள் என்பதுதான் தொண்டையில் சிக்கும் முள்.

கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் 1986இல் சமன்பாட்டையே திருத்தினார்கள். ஒரு துகளின் அலைச்சார்பு பத்துக் கோடி ஆண்டு அளவில் ஒருமுறை தானாகச் சுருங்கும். ஒரு துகளுக்கு அது இல்லாததற்குச் சமம். பூனையிலோ துகள்கள் எண்ணிலடங்காதவை, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஒன்றாவது சுருங்கி மற்றவற்றையும் இழுத்துக்கொள்ளும். விலை: கையால் போட்ட புதிய எண்கள். லாபம்: சோதித்துத் தோற்கடிக்கலாம். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

நிகழ்தகவை அளப்பவர் கட்டும் பந்தயமாகவே பார்க்கும் கியூபிசம், ரொவெல்லியின் உறவுநிலை விளக்கம் இரண்டையும் இரண்டாம் ஆண்டில் பார்க்கலாம்.

ஒத்திசைவுச் சிதைவு (டீகோஹரன்ஸ்) அளவீட்டுச் சிக்கலைத் தீர்த்துவிட்டது என்கிறார்களே?

பாதி. காற்று மூலக்கூறும் வெப்பமும் மோதிக்கொண்டே இருப்பதால் பெரிய பொருள்களில் குறுக்கீட்டுப் பட்டைகள் ஏன் தெரிவதில்லை என்பதை அது அருமையாக விளக்குகிறது. 1970இல் ட்சே தொடங்கிவைத்தது. ஆனால் “அதுவும் இதுவும்” என்பது “அது அல்லது இது” போலத் தோற்றமளிப்பதைத்தான் அது காட்டுகிறது. அவற்றில் ஒன்று மட்டும் ஏன் நடந்தது என்று அது சொல்லவில்லை.

நம் உணர்வுதான் அலைச்சார்பைச் சுருக்குகிறதா? வேதாந்தத்திலும் சித்தர் பாடல்களிலும் இது முன்பே இருக்கிறதாமே?

உணர்வுக்கு இதில் பங்கு உண்டு என்று விக்னர் 1961இல் எழுதினார், பின்னாளில் அவரே அதைக் கைவிட்டார். ஷ்ரோடிங்கர் வேதாந்தத்தில் தோய்ந்தவர் என்பது உண்மை. ஆனால் அவருடைய சமன்பாட்டைப் பயன்படுத்த அது தேவைப்படவில்லை. சித்தர்களைச் சித்தர்களுக்காகவே படியுங்கள். நான்கில் ஒரு பங்கு என்ற எண்ணை எந்தப் பாடலிலிருந்து கணக்கிடலாம் என்று யாராவது காட்டினால் அடுத்த ஞாயிறு அதையே பாடமாக வைக்கிறேன்.

குவாண்டம் காப்பு, குவாண்டம் தண்ணீர்?

காசு உங்களுடையது.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

விளக்கங்களை மட்டும் படித்தால் கடினம். ஆனால் பெல் கணக்கிலிருந்தே ஒரு தொழில் கிளைத்திருக்கிறது: 1991இல் ஆர்தர் எக்கர்ட், ஒட்டுக்கேட்பவர் இருக்கிறாரா என்று பெல் சோதனையைக் கொண்டே கண்டுபிடிக்கும் மறையாக்க முறையைத் தந்தார். இந்திய அரசு 2023இல் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அதன் இயக்குநராக இருந்த ஈ.சி.ஜி. சுதர்சன்தான், அடிக்கடி அளந்துகொண்டே இருந்தால் குவாண்டம் நிலை மாறாமல் உறைந்துவிடும் என்று மிஸ்ராவுடன் சேர்ந்து 1977இல் காட்டியவர். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை.

சார், கடைசியாக, நீங்கள் எந்தக் கட்சி?

மாணவனாக இருந்தபோது தேர்வுக்குப் பயந்து போர் கட்சி. வேலைக்கு வந்தபின் பத்துப் பன்னிரண்டு வருடம் போம் கட்சி. இப்போது எவரெட் பக்கமும் கிரார்டி பக்கமுமாக, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். பாலாற்றுக்காரனுக்கு ஆறும் இல்லை சேறும் இல்லை, மணலில் நிற்கிறீர்கள் என்று அந்தத் தோல் தொழிற்சாலை அம்மா சொல்கிறார். அவர் கியூபிசக்காரர், எதற்கும் பந்தயம் கட்டத் தயார்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகம், கோடு போடாத நோட்டு, கிடைத்தால் ஒரு செத்த கால்குலேட்டர். ஆறு மணிக்குத் தொடங்குவோம். சித்திரையிலும் வைகாசியிலும் கூட்டம் கிடையாது. அந்த இரண்டு மாதமும் தளத்தின் சூடு இரவு ஒன்பதானாலும் இறங்குவதில்லை.